மெற்றில்டா மிஸ்ஸி விடைபெற்ற மத்தியானம்

செவ்வாய்க்கிழமை காலை மீன்காரர் சைக்கிளை நிறுத்தினார்; ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை. “சேர், மெற்றில்டா மிஸ்ஸி மோசம் போட்டா” என்றார். மறைந்த மிஸ்ஸியின் வலது கையில் இருந்த நீண்ட தழும்பைப் பற்றி நம் ஊர் பேசாலையில் உங்களில் பலர் அவரிடம் கேட்டிருப்பீர்கள். “மீன் வெட்டினனான்” என்று மழுப்பிவிடுவார். உண்மையை இன்று சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு மிஸ்ஸியும் வாத்தியாராக இருந்த நானும் ஆபிரிக்காவில் ஒரு கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் தொண்டு செய்தோம். அவர் தாதி. நான் வாட்டில் கிடந்த பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். மருந்து தீர்ந்த நாளிலும், “கை கழுவத் தண்ணி இருக்குத்தானே, தொடங்குங்கோ” என்பார்.

நாங்கள் புறப்படும் நாள் மத்தியானம் ஊரே நிலக்கடலையும் கோழியுமாக வழியனுப்ப வந்திருந்தது. அந்நேரம் பார்த்துப் பாதிரியார் தன் வாகனத்தில் ஒருவனைக் கொண்டுவந்து இறக்கினார். முந்தின வாரம் மாடு கொள்ளையிட வந்து, அவ்வூரில் எட்டுப் பேரைச் சுட்டுக்கொன்ற கூட்டத்தைச் சேர்ந்தவன். தொடையில் குண்டு, காயம் அழுகியிருந்தது. கோழி பிடித்திருந்த கைகள் காட்டுக்கத்திகளைத் தூக்கின. கல்லடியில் யன்னல் உடைந்தது. ஒருவர் உள்ளே புகுந்து, அவனைக் கிடத்தியிருந்த கட்டிலிலிருந்து இழுத்து விழுத்திக் காயத்திலேயே மிதித்தார். அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மிஸ்ஸி குறுக்கே பாய்ந்தார். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் மட்டும்தான் வரும். “செத்திட்டானோ? இல்லைத்தானே! அப்ப என்ர நோயாளி! வெளியில போங்கோ!” அவனுக்கு ஓங்கிய கத்தியொன்று மிஸ்ஸியின் கையைப் பிளந்தது. ஓங்கியவள், மகனைப் பறிகொடுத்த ஒரு தாய். இரத்தம் அவள் முகத்திலும் தெறித்தது. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நானும்தான்.

“சேர், என்ன முழுசிக்கொண்டு நிக்கிறியள்? துணியால இறுக்கிக் கட்டுங்கோ!”

கட்டினேன். மிஸ்ஸி அந்தத் தாயை மணிக்கட்டில் பிடித்து இழுத்துவந்து, அவளுடைய இரு கைகளையும் அவன் காலில் வைத்தார். “நீதானே என்ர கையை வெட்டினாய்? இப்ப நீதான் எனக்குக் கை. பிடி!” ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கியிராது. ஆனாலும் பிடித்தாள். மிஸ்ஸி இடக்கையால் காயத்தைக் கீறிக் குண்டை எடுத்தார்.

அவனை அங்கே விட்டுப் போனால் இருட்டுமுன் கொன்றுவிடுவார்கள். எங்களை ஏற்ற வந்த வாகனத்திலேயே அவனையும் கிடத்தினோம். வழியனுப்ப வந்தவர்கள் இரு பக்கமும் கத்தியோடு நின்றார்கள். அந்தத் தாய் வாகனத்தை மறித்து, அவன் முகத்தில் காறித் துப்பினாள். பிறகு ஒரு பொட்டலம் கடலையை மிஸ்ஸியின் மடியில் வைத்துவிட்டு ஒதுங்கினாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில், பிழைத்துவிடுவான் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பவரிடம் நாங்கள் “போட்டு வாறம்” என்று, அங்கே திரும்பி வருவதுபோல, சொல்லுவதில்லையே. மிஸ்ஸி அவனிடம், “இந்தப் பக்கம் இனித் தலைவச்சும் படுக்காத, ராசா” என்றார்.

வகுப்பில் ‘இரக்கம்’ என்ற சொல்லுக்கு முப்பது வருடம் மழையையும் புறாவையும் உதாரணம் காட்டியவன் நான். மிஸ்ஸியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது வேறோர் உதாரணம்: கொன்றவர்களில் ஒருவனின் காலை அந்தத் தாய் பிடித்திருக்க, தன் இரத்தம் சொட்டச் சொட்ட, “இன்னும் கொஞ்சம் இறுக்கி” என்று ஏசிய குரல்.