அஞ்சலை வீடு

தை அறுப்பு முடிந்ததும் மனையைக் காலி செய்துவிட வேண்டும் என்று பண்ணையிலிருந்து எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை எனக்கு. எங்கே போவது?

எங்கள் ஊர் திருப்பனந்தாளுக்குக் கிழக்கே. பண்ணை நிலத்தில் நெடுநாளாகக் குடிசை போட்டு இருப்பவர்களுக்கே அந்த மனை சொந்தம் என்று கவர்மெண்டு சட்டம் கொண்டுவந்திருந்த சமயம் அது. தெருவில் எல்லோருக்கும் எழுதியாயிற்று. எங்கள் வீடு மட்டும் நின்றுபோயிற்று. அதற்குக் காரணம் வேறு யாருமில்லை, என் மாமனார்தான்.

அவரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவள் நான். மெதுவாகத்தான் வரும். அம்மனை நம்புகிற நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

மாமனார் பெயர் கோவிந்தன். தொண்ணூறு தாண்டி வாழ்ந்து போனார். ஒருநாளும் என்னைச் சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் அவரோடு நான் பட்ட எரிச்சல் கொஞ்சமில்லை. தன்னுடையது என்று எதையும் அவர் சொல்லமாட்டார். பண்ணையாள் பழக்கம், எல்லாம் பண்ணை அய்யாவுடையதுதான் அவருக்கு. நாங்கள் வளர்த்த ஆட்டைக் கேட்டால் "அய்யா ஆடு" என்பார். தலைச்சன் பிள்ளையை நான் பெற்றபோது, எட்டிப் பார்த்த, பண்ணை நிர்வாகம் பார்க்கிற காரியக்காரரிடம் "உங்க புள்ளைங்க" என்று சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே குடையும் கைத்தடியுமாகக் காரியக்காரர்.

"இது யாரு மனை பெரியவரே?"

மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அய்யா மனைங்க. இருக்கச் சொன்னாங்க, இருக்கோம்."

"கேட்டுக்கிட்டீங்களா சார்? போன வருசம்தான் போனாப் போகுதுன்னு இடம் விட்டோம்" என்றார் காரியக்காரர். வாய் கூசாத பொய். மாமனார் அதற்கும் தலையை ஆட்டினார். பொய் பொய் என்று அக்கம்பக்கத்தார் கத்தினார்கள். "நீங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லுவீங்க. வீட்டுக்காரரே இல்லைங்கிறாரே" என்று இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிவிட்டார். எட்டாம் நாள் திரும்ப வருவதாகவும், அதற்குள் ஏதாவது ஆதாரம் தேடி வைக்கும்படியும் சொல்லிப் போனார்.

ஆதாரத்துக்கு எங்கே போவது? எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

ஏழு நாளும் வாய்க்கால் கரை பிடாரியம்மன் கோயிலுக்கு ஈரப்புடவையோடு போனேன். "தாயே, அந்த மனுசர் வாயில ஒரே ஒரு வார்த்தையைக் கொடு. உனக்கு மாவிளக்குப் போடுறேன்" என்று அழுதேன். வீட்டுக்கு வந்து அவருக்குச் சொல்லியும் கொடுத்தேன்.

"மாமா, சொல்லுங்க. எங்க மனை."

"உங்க மனை."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சட்டியைப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

"எங்க மனைன்னு சொன்னா நாக்கு வெந்துடுமா மாமா?"

"வரமாட்டேங்குதும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொல்லை மூலையில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் மூன்று செங்கல். மாமனாரின் மூத்த பெண் அஞ்சலை. ஒன்பது வயதில் வாந்திபேதியில் போய்விட்டாளாம். கல்யாணமாகாமல் போன பெண் வீட்டுக்குத் தெய்வம் என்று செங்கல் வைத்து, வருஷம் ஒருநாள் பாவாடை சட்டை வைத்துப் படைப்பார்கள். எனக்கு அதுவும் எரிச்சல்தான். அந்த இடத்தில் மாட்டுக்கு ஒரு கொட்டகை போட எனக்கு ஆசை. "செங்கல்லைச் சுவரோரமா நகத்தி வையுங்களேன்" என்று எத்தனையோ தடவை கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மனிதர் அதற்கு மட்டும் ஆட்டவில்லை. "அது நகராதும்மா" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது.

எட்டாம் நாள் காலை. எனக்குக் கோயிலுக்குப் போக மனசில்லை. அம்மன்மேலேயே கோபம். ஏழு நாள் கேட்டும் காது கொடுக்காதவளிடம் எட்டாம் நாள் என்ன கேட்பது? சாணி தெளிக்கக் கொல்லைக்குப் போனவள், ஆத்திரத்தில் அந்தச் செங்கல் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். மஞ்சள் தடவினேன். "ஏண்டி அஞ்சலை, உங்கப்பன் வாயை நீயாவது தொறக்கக்கூடாதா? எங்களை இங்கேருந்து எழுப்பிட்டா உனக்கு யாருடி சோறு வைப்பா?" என்றேன். வேண்டுதல் என்று அதைச் சொல்ல முடியாது. சண்டைதான் போட்டேன்.

பொழுது ஏறினதும் இன்ஸ்பெக்டர் வந்தார். திரும்ப அதே கேள்வி. திரும்ப அதே துண்டு, அதே கக்கம், அதே பதில். மனையை அளந்து காட்டுகிறேன் என்று காரியக்காரர் கொல்லைப் பக்கம் போனார். ஈரமாக இருந்த செங்கல்லைக் கைத்தடியால் தட்டினார். "இந்தக் குப்பையை எல்லாம் வாய்க்கால்ல தள்ளிட்டு" என்று காலையும் தூக்கினார்.

"மிதிக்காத!"

யார் கத்தியது என்று எனக்கே புரியவில்லை. காரியக்காரருக்கு ‘ங்க’ போடாமல் மாமனார் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. துண்டு கீழே கிடந்தது.

"அது எம் பொண்ணு! எம் பொண்ணு அஞ்சலை! காலை எடு!"

காரியக்காரர் காலை எடுத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "எங்க இறந்துச்சு பெரியவரே?"

"இந்த வூட்லதான். எம் மடியிலதான். கருமாதி அன்னிக்கு இந்த வேப்பங்கன்னை எங் கையால வச்சேன்."

"எத்தனை வருசம் ஆச்சு?"

மாமனாருக்குக் கணக்குத் தெரியாது. மீசையும் தாடியுமாக நின்ற என் வீட்டுக்காரரைக் காட்டினார். "இவன் அப்பத் தவழுற புள்ளைங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். வேப்பமரத்து வேர் ஒரு செங்கல்லைப் பாதி விழுங்கியிருந்தது. மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பார்த்தார். கை எட்டவில்லை. காரியக்காரரைப் பார்த்து, "போன வருசம் வந்தவரு வச்ச மரமா சார் இது?" என்றார். நோட்டைத் திறந்து எழுதினார்.

சித்திரையில் பட்டா வந்தது. பிடாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன். அவள்தான் அந்தச் சின்னப் பெண்ணிடம் என்னை அனுப்பிவைத்தாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். கொட்டகைப் பேச்சை அன்றோடு விட்டேன்.

மாமனார் மாறிவிட்டாரா என்றால் அதுதான் இல்லை. பட்டாவை அஞ்சலையின் பழைய பாவாடையில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். யார் கேட்டாலும் "அஞ்சலை வீடு" என்றார். எனக்கு வந்ததே கோபம்! ஈரப்புடவையோடு ஏழு நாள் நடந்தவள் நான். நாற்று நட்டு, கதிர் அறுத்து, குடிசையைக் கல்வீடாக்கியவள் நான். வீடு மட்டும் அஞ்சலை வீடா? அவர் சாகும் வரைக்கும் அந்தச் சண்டை எங்களுக்குள் ஓயவில்லை. கடைசி ஆடியில், ஆற்றில் தண்ணீர் வந்த வாரம், வேம்படிக் கட்டிலில் கிடந்தவர் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தார். "யாரும்மா நீ? சாப்பிட்டுப் போ. அஞ்சலை வீடுதான், கூச்சப்படாதே" என்றார். அன்றைக்கு நான் சண்டை போடவில்லை. சாப்பிட்டேன்.

பெரிய கோயிலுக்குப் போங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போகுமுன் உங்கள் கொல்லையில் விளக்கில்லாமல் யார் இருக்கிறார்கள் என்று ஒருதரம் பாருங்கள். பக்தியாகத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. கோபத்தோடு கேட்டாலும் அவர்கள் கேட்பார்கள். நான் அப்படிக் கேட்டுத்தான் வாங்கினேன்.

போன மாதம் கரண்டு மீட்டர் பார்க்கப் புதுப் பையன் வந்தான். "யாரு வீடும்மா?" என்றான். என் வீடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அஞ்சலை வீடு தம்பி" என்று வந்துவிட்டது.