பத்துக் கொப்பெக்கும் பிரேக் மாஸ்டரும்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வீட்டுக்கு வழி காட்ட ஆள் கிடைக்காது. பிரேக் மாஸ்டர் என்றால் போதும். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்தே அவருடைய வலது கால் தனிப் பிறவியாகிவிட்டது. தங்கையின் காரில் பின் சீட்டில் உட்கார்ந்தாலும் சரி, டிவியில் கார்கள் துரத்திக்கொண்டு ஓடினாலும் சரி, அது தானாகத் தரையை மிதிக்கும்.

அவருக்கு நாணயப் பித்து பிடித்ததற்குக் காரணம் ஒரு மாணவி, கால்நடை டாக்டர். மாட்டின் வாய்க்குள் அசராமல் கையை விடுகிறவருக்குக் கியரைத் தொட மட்டும் பயம். ஒரு மழை நாளில் ஏல மண்டபத்தின் வாசலில் வண்டி நின்றுபோய், கிளம்பமாட்டேன் என்று அடம்பிடித்தது. மெக்கானிக் வரும்வரை நனையாமல் இருக்கலாமே என்று இருவரும் உள்ளே போனார்கள்.

அன்று ரஷ்யப் பேரரசுக் கால நாணயங்கள் ஏலத்துக்கு வந்திருந்தன. அவற்றில், சைபீரியாவுக்கென்றே பேரரசி கேத்தரின் காலத்தில் அடித்த செம்புக் கொப்பெக் காசுகள் சில. கீரிப்பிள்ளை ஜாடையில் இரண்டு சேபிள் பிராணிகள், கிரீடம் வைத்த கேடயத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றன.

"ஸ்டீரிங்கைப் பிடிச்ச மாதிரியே நிக்குதுங்க, பாருங்க மாஸ்டர்."

"உங்களைவிட நல்லாத்தான் பிடிச்சிருக்கு."

டாக்டர் ஒருவழியாக லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போனார். மாஸ்டரை அந்த சேபிள்கள் விடவில்லை. கிடைத்த விடுமுறையெல்லாம் ஏலத்துக்கு ஓடினார். மிகச் சின்னக் காசிலிருந்து ஐந்து கொப்பெக் வரை வரிசையாகச் சேர்ந்தது. பத்துக் கொப்பெக், அதுவும் அபூர்வமான ஆரம்ப வருடத்துக் காசு, அதுதான் டிமிக்கி கொடுத்துக்கொண்டே இருந்தது.

மருந்துக் கடை வைத்திருக்கும் அவர் மனைவிக்கு இது தீராத வேடிக்கை. "அந்தக் கீரிங்களுக்கு இன்னைக்குச் சாப்பாடு போட்டாச்சா?" என்று தினம் ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள்.

கடைசியில் அந்தப் பத்துக் கொப்பெக்கும் ஏலத்துக்கு வந்தது. மாஸ்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார்ந்தார். கேட்க ஆரம்பித்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் அவரும், பக்கவாட்டு வரிசையில் தொப்பி போட்ட ஒரு பெண்ணும்தான் மிச்சம். அவர் விலையை ஏற்ற, அந்தப் பெண்ணும் ஏற்றினாள். தன்னால் முடிந்த எல்லையை எட்டியபோது மாஸ்டர் முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டு தன் நம்பர் அட்டையை உயர்த்தினார். தொப்பிக்காரி ஒரு கணம் தயங்கினாள். தரைப் பக்கம் பார்த்தாள். சிரித்தபடி இன்னும் ஒரு படி ஏற்றினாள். சுத்தியல் விழுந்தது.

வெளியே வந்து தொப்பியைக் கழற்றினால், அதே மாட்டு டாக்டர்!

"தப்பா நினைக்காதீங்க மாஸ்டர். எனக்கும் அன்னைக்கே பிடிச்ச பைத்தியம்தான். விட்டுடலாம்னுதான் இருந்தேன். உங்க கால் பிரேக் போட்டுச்சு. சரி, இதுக்கு மேல போகமாட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு."

மாஸ்டருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. டாக்டர் காசை அவர் உள்ளங்கையில் வைத்தார். கனமான செம்பு, கையை நிறைத்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மனசில்லாமல் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் கதையைக் கேட்ட மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும், "அடுத்த தடவை வரட்டும். நானும் வர்றேன்" என்றாள்.

அடுத்த தடவை வருவதற்கு வெகுநாள் ஆயிற்று. அதே வகைக் காசு, ஒரு சேபிளின் மூக்கு மட்டும் தேய்ந்திருந்தது. மண்டப வாசலில் மனைவி கையை நீட்டினாள்.

"அட்டையை இப்படிக் குடுங்க. நீங்க வெளியில இருங்க."

"நான் இல்லாமலா?"

"நீங்க வந்தா உங்க காலும் கூட வருமே!"

மாஸ்டர் தாழ்வாரத்தில் உலாத்தினார். கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே மனைவி, காய்ச்சல் மாத்திரை கேட்டு வந்தவரிடம் "ஸ்டாக் இல்லை" என்று சொல்லும்போது இருக்கும் அதே முகத்தோடு அட்டையை உயர்த்திக்கொண்டிருந்தாள். எதிர் ஆள் அந்த முகத்தைப் பார்த்தே சோர்ந்துபோனார். நினைத்ததைவிடக் குறைந்த விலைக்கே காசு கிடைத்தது. மாஸ்டர் தாழ்வாரத்தில் ஒரு குதி குதித்தார். வாசல் காவலாளி என்னமோ ஏதோவென்று எழுந்து நின்றுவிட்டார்.

"என் சம்சாரம் ஜெயிச்சுட்டா!" என்று மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மனைவி வெளியே வரக் காத்திருந்தார். வரவில்லை. உள்ளே ஏலக்காரர் அடுத்த பொருளைச் சொல்லிக்கொண்டிருந்தார்: அதே பேரரசியின் முகம் போட்ட, நகம் அளவு வெள்ளிக் காசு. கேட்பவர் உண்டா?

"உண்டு, நாற்பத்தேழு!" என்று ஏலக்காரரே கூவினார்.

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பத்தேழு அவர்கள் அட்டை. மறுபடி கதவு இடுக்கில் பார்த்தார். மனைவி நாற்காலி நுனிக்கு வந்து, கண் மின்ன, அட்டையை இன்னும் உயரமாகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.