எண்ணெய் ஜாடிக்குப் பக்கத்தில் காய்ந்த சாதிலிங்கம்

குய்சோவிலிருந்து சாதிலிங்கம் என்ற சிவப்புச் சாயப்பொருளைக் கொண்டுவரும் வியாபாரி தியான் அதில் மலிவான ஈயச் செந்தூரத்தைக் கலக்கிறான் என்று ஜாங்சோவ் ஊர்த் தேநீர்க்கடைகளில் பேச்சு. சாட்சி, ஓவியர் கே மூன்று மாதம் வரைந்த மலை ஓவியத்தின் மூலையில் குத்திய முத்திரை. ரத்தச் சிவப்பாக விழ வேண்டியது ஈரல் நிறத்தில் விழுந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைத் தேடச் சோம்பி, சாந்தின் நிறத்தைப் பார்க்காமலே குத்தியவர் அவர்தான். ஆனால் பெரியவர்கள் மேல் எந்த ஊரில் குற்றம் நிற்கிறது?

பேச்சைச் சரிபார்க்க, தியானின் தூளை எண்ணெயில் குழைத்து அந்த முத்திரைச் சாந்தைப் பிசைந்த ஷியூஜென் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினால் போதும். அங்கே விளக்கெண்ணெய் ஜாடிகள் மூன்றாம் வருடமாக வெயில் குடிக்கின்றன. சாந்துக்கான எண்ணெய்க்கு வெயில் வேண்டும், சாதிலிங்கத்துக்கு ஆகாது. பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்து அரைத்தால் முதலில் வருவது கறுப்புதான். மூடிய சட்டியில் ஆவியாக்கி மூடியில் படியவைத்தால்தான் சிவப்பு. அதைத் தூளாக்கி, தண்ணீரில் கலக்கி, மேலே நிற்கும் மஞ்சளையும் அடியில் தங்கும் கறுப்பையும் தள்ளி, நடுவை எடுத்து நிழலில் உலர்த்துவார்கள். வெயிலில் விட்டால் அது பிறந்த வீட்டு நிறத்தை நினைத்துக்கொள்ளும்.

இருபத்தாறு வருடமாக இது தெரிந்தவள் ஷியூஜென். ஈரக்காற்றில் தூள் காயவில்லை என்று தாம்பாளத்தை ஜாடிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள், கொஞ்ச நேரத்துக்குத்தான். மாஜோங் சூதாட்டத்தில் அவளுக்குக் கை நன்றாக ஓடியது. மூன்று நாள் போயிற்று.

கே வந்து கத்தியபோது, "தூள் எப்படியோ, சாந்தும் அப்படி" என்றாள். பொய்யில்லை, ஆனால் பழி தியானின் தூள் மேல் போயிற்று. அதனால்தான் அதிகமாகக் கூசியது.

பத்து நாளாக தியானிடம் யாரும் வாங்கவில்லை. சந்தையில் மூட்டையை அவிழ்க்காமலே உட்கார்ந்திருந்தவனிடம் போனாள்.

"வாங்க அக்கா. பாத்து நில்லுங்க, என் சரக்கு பட்டா துணி கறுத்துடும்."

"தம்பி, தாம்பாளம் எண்ணெய் ஜாடி பக்கத்துல இருந்துச்சு."

"வெயில்லயா?"

"வெயில்லதான்."

"எத்தன நாள்?"

"மூணு."

"மீன் காயவைக்கிறவங்ககூட நடுவுல ஒருதரம் புரட்ட வருவாங்களே அக்கா."

அவள் புதுச் சாந்து டப்பா ஒன்றை நீட்டினாள்.

"இது எனக்கெதுக்கு? கே ஐயா காலைல எட்டு மணிக்கு டீக்கடைல இருப்பாரு. எங்கிட்ட சொன்னத அங்க சொல்லுங்க, போதும்."

"சொல்றேன்."

மறுநாள் எட்டு மணிக்குப் போனாள். கே நாற்காலியை இழுத்துப் போட்டு, நூடுல்ஸ் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "அந்தத் திருட்டுப் பயலால உனக்கும் கெட்ட பேரும்மா. சாப்பிடு."

வாயைத் திறந்தாள். நூடுல்ஸ் உள்ளே போயிற்று.

தியானுக்கு அந்த ஒரு வரி இன்னும் பாக்கி.