மாஸ்டரின் உள்ளங்கைக் கணக்கு

என் தம்பியைப் பற்றி யார் கேட்டாலும், அவன் எவ்வளவு ஒல்லி என்பதைத்தான் முதலில் சொல்வேன். அவன் பெல்ட்டில் கடைக்காரன் போட்ட ஓட்டைகள் போதாமல், அவனே ஆணியால் குத்திக்கொண்டவை மூன்று இருக்கின்றன. நான் தையல்காரி. அவனுக்குச் சட்டை தைத்தால் மிச்சத் துணியில் ஒரு தலையணை உறை தேறும். அந்த உடம்புக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, நான் இருந்த நிலைமையையும் மறந்து சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

தம்பி ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் மாஸ்டர். இருபத்திரண்டு வருடமாக நானூறு பேருக்கு மதியச் சாப்பாடு போடுகிறான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறான். கேன்டீனில் ஆறு அடுப்புகள், இடுப்பு உயரத்துக்குப் பாத்திரங்கள், காது அடைக்கிற மாதிரி ஒரு புகைபோக்கி விசிறி. எல்லாம் அவனுக்குக் கண் அளவுதான். அளவுக் கரண்டி வைத்துக்கொண்டு சமைக்கிறவனை மருந்துக்கடைக்காரன் என்று கிண்டல் செய்வான். எனக்கு நேர் எதிர்ப் புத்தி. கண்ணை நம்பித் துணியை வெட்டினால் என் பிழைப்பு என்ன ஆவது? நாடா சொன்னால்தான் எனக்கு வேதவாக்கு. இதை வைத்து எங்களுக்குள் சின்ன வயதிலிருந்தே சண்டை.

கேன்டீன் வாசலில் ஒரு புகார் நோட்டு நூலில் கட்டித் தொங்கும். தொழிலாளர்களுக்கு அதில் எழுதுவதில் தனி சுகம். ‘இன்றைய கேரட் நேற்றே வெந்தது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மாலையில் தம்பி அதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். உப்பு பற்றி மட்டும் ஒரு புகாரும் இருக்காது. அதில் அவனுக்கு ஏகப்பட்ட கர்வம்.

மூன்று வருடமாக என் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டிருந்தது. மருந்தில் ஓடும் காலம் முடிந்துவிட்டது, இனி வேறொருவர் கல்லீரலில் பாதியை வாங்கி வைத்தால்தான் உண்டு என்றார் டாக்டர். கொடுத்தவருக்கும் திரும்ப வளர்ந்துவிடுமாம், வாங்கியவருக்கும் வளருமாம். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. மகனுக்கு இரத்த வகை ஒத்துவரவில்லை. தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“என்னோடதுல பாதி எடுத்துக்குங்க டாக்டர். எனக்கு எதுக்கு அவ்ளோ பெருசு?”

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில்தான் அந்தச் சிரிப்பு வந்த செய்தி.

“நூத்துக்கு இருபத்தஞ்சு பங்கு கொழுப்பு இருக்கு. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும். பத்துக்குக் கீழ வந்தாதான் நான் கத்திய எடுப்பேன். இல்லேன்னா உங்களுக்கும் ஆபத்து, அக்காவுக்கும் பிரயோஜனம் இல்ல.”

“எவ்ளோ நாள் இருக்கு?”

“அக்காவால மூணு மாசம் தாங்க முடியும். அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

ஆக, என் உயிர் என் தம்பியின் சாப்பாட்டுத் தட்டில் வந்து நின்றது. நாற்பத்தைந்து வயதில் அவனுக்கு யாரும் அவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்ததில்லை.

மருத்துவமனையில் ஓர் உணவு ஆலோசகர் இருந்தார். கண்ணாடி போட்ட, அவசரப்படாத பெண். தம்பி சமையல்காரன் என்று தெரிந்ததும், ஒரு கிண்ணத்தையும் எண்ணெய் பாட்டிலையும் அவன் முன்னால் வைத்தார்.

“ஒரு ஸ்பூன் எண்ணெய்னா எவ்வளவுன்னு ஊத்திக் காட்டுங்க.”

இவன் அலட்சியமாகச் சாய்த்து, சட்டென்று நிமிர்த்தினான். அவர் அளந்து பார்த்தார். ஏழு ஸ்பூன். நானூறு பேருக்கு ஊற்றிப் பழகிய கை அது, ஒரு ஆளுக்கு என்றால் அதற்கு என்ன தெரியும்? எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நாற்பது வருடச் சண்டையில் நாடா ஜெயித்த நாள்.

ஆனால் தம்பி கெட்டிக்காரன். வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடாமல் கேள்வி கேட்க ஆரம்பித்தான். “வெண்ணெய்தானே கெட்டது? எண்ணெய் நல்லதுதானே?”

“வெண்ணெய் மாதிரி உறையற கொழுப்ப நல்லாக் குறைக்கணும். ஊத்தற பதத்துல இருக்கற எண்ணெய் அதைவிடப் பரவால்ல. ஆனா நல்லதுன்னு அரை டம்ளர் ஊத்தக் கூடாது. எந்தக் கொழுப்பா இருந்தாலும், அதே எடை சோத்துலயோ ரொட்டியிலயோ இருக்கற மாவுச்சத்தவிட ரெண்டு மடங்குக்கும் மேல சக்தி. செலவு பண்ணாத சக்தி சேந்துடும்.”

“அப்ப சுத்தமா நிறுத்திடறேன்.”

“நிறுத்தவும் கூடாது. சில சத்து கொழுப்புலதான் கரையும். ஒரு நாளைக்கு மூணு ஸ்பூன். நான் சொல்ற ஸ்பூன், உங்க ஸ்பூன் இல்ல. அப்புறம் சர்க்கரை. அதிகமாப் போனா அதுவும் கல்லீரல்ல கொழுப்பா மாறும்.”

கண்ணுக்குத் தெரியும் கொழுப்பைவிடத் தெரியாததுதான் ஆளை ஏமாற்றும் என்று சொல்லி, கேக், பிஸ்கட், ஆடை எடுக்காத பால், கோழித்தோல் என்று ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தார். சாப்பிடுவதை எல்லாம் எழுதி வைக்க ஒரு நோட்டும் வாங்கச் சொன்னார்.

ஐந்து வாரம் அவன் இருந்த இருப்பைப் பார்க்க வேண்டும். வேகவைத்த காய், தோல் உரித்த கோழி, ஆடை எடுத்த பால், சர்க்கரை போடாத டீ. தினமும் நடந்தே வேலைக்குப் போய் நடந்தே வந்தான். நோட்டில் ‘ஆப்பிள் ஒன்று, சிறியது’ என்றுகூட எழுதியிருப்பான். என் பிறந்தநாளுக்கு மகன் கேக் வாங்கி வந்தபோது, தம்பி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஐந்தாவது வார முடிவில் ஸ்கேன். இருபத்து மூன்று.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயத்தைக் கோபமாக மாற்றிக்கொள்வது என் சுபாவம், அது அவனுக்கும் தெரியும். “திருட்டுத்தனமாத் திங்கற” என்றேன். “இல்லக்கா, சத்தியமா” என்றான். “அப்ப ஸ்கேன் மிஷின் பொய் சொல்லுதா?” என்று கேட்டேன். அவன் நோட்டை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அதில் பொய்யான எழுத்து ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் காலை மகனை ஆட்டோ பிடிக்கச் சொல்லி நேராகக் கேன்டீனுக்குப் போனேன். கால் வீங்கி, செருப்புகூடச் சரியாக நுழையவில்லை. தம்பி பதறிப்போய் என்னை ஒரு மூலையில் வெங்காய மூட்டை மேல் உட்கார வைத்தான். “சும்மா பாக்க வந்தேன், உன் வேலையப் பாரு” என்றேன். கைப்பையில் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி கிடந்தது. கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவன் சூப் பாத்திரத்தில் கரண்டியை விட்டான். மேலாக எடுத்து இடது உள்ளங்கைக் குழி நிறைய விட்டு உறிஞ்சினான். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உப்பு போட்டான். மறுபடியும் உள்ளங்கை. பக்கத்து மேஜையில் நான் ஒரு கோடு போட்டேன். அப்புறம் பருப்பு. வறுத்த மீனில் ஓரத்தைக் கிள்ளி ஒரு வாய். இறைச்சிச் சாறு. மறுபடி சூப். மேலாக எடுக்கிறானே, எண்ணெய் மிதப்பதும் அங்கேதானே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதிய மணி அடிப்பதற்குள் மேஜையில் முப்பத்தேழு கோடுகள்.

“டேய், இங்க வா. இது என்ன?”

“என்ன, கோடு.”

“காலைலேர்ந்து முப்பத்தேழு தடவ சாப்பிட்டிருக்க.”

“சாப்பிடலையேக்கா. வேலை பாத்துட்டிருக்கேன்.” 

நடிக்கவில்லை. நிஜமாகவே அவனுக்கு அது சாப்பாடு இல்லை. இருபத்திரண்டு வருடமாக, தட்டுப் போட்டு உட்கார்ந்து தின்பதுதான் அவன் கணக்கில் சாப்பாடு. உள்ளங்கையில் விழுவது தொழில். நான் அந்தக் கோடுகளையே விரலால் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவன், பாதியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அஞ்சு வாரம் போச்சேக்கா” என்றான். நான் அவன் தலையில் கை வைத்தேன்.

உணவு ஆலோசகருக்குப் போன் செய்தோம். எத்தனை தடவை, எவ்வளவு, மேலாகவா அடியிலிருந்தா என்று துருவிக் கேட்டுவிட்டு, ஒரு நாளைக்கு அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய் உள்ளே போகிறது என்றார். அவர் கொடுத்த மூன்று ஸ்பூன் கணக்கு எங்கே, இது எங்கே?

“வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிடுங்களேன்” என்றார்.

“சாப்பாட்டத் துப்பச் சொல்றீங்களா மேடம்? அதுக்கு நான் ருசியே பாக்காமச் சமைச்சுடுவேன்.”

வீம்புக்குச் சொன்னதையே செய்தும் காட்டினான். நாக்கு வேலையைப் பாத்திரம் கழுவும் அம்மாவிடம் ஒப்படைத்தான். அந்த அம்மா பாவம், பயந்த சுபாவம். எதைக் கொடுத்தாலும் “நல்லாருக்கு மாஸ்டர்” என்றார். அந்த வாரம் புகார் நோட்டு நிரம்பி வழிந்தது. ‘சூப்பா, கை கழுவின தண்ணீரா?’ என்று ஒன்று. தம்பி அதைப் படித்துவிட்டு வந்த அன்று டீ கூடக் குடிக்கவில்லை. மறுநாள் அந்த அம்மாவிடம், “நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. என்ன கொறைன்னு சொல்லுங்க, போதும்” என்று கெஞ்சியிருக்கிறான். அதன்பின் அந்த அம்மா குறை சொல்லப் பழகி, அதில் ருசியும் கண்டுவிட்டார். இப்போது அவரிடம் நல்ல பெயர் வாங்குவது குதிரைக்கொம்பு.

விஷயம் எப்படியோ தொழிலாளர்கள் காதுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு புகார் நோட்டில் ஒரே ஒரு வரிதான் விழுந்தது. ‘இன்று பருப்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருக்கிறது. பரவாயில்லை. பத்துக்குக் கீழே வந்ததா?’

பத்தாவது வாரம் நான் வயிறு வீங்கி மருத்துவமனையில் படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் காய்கறி சூப் வைத்துக் கொண்டுவந்தான். ஒரு வாய் குடித்தேன். உப்பு என்ற பேச்சே இல்லை. இருந்த எரிச்சலையெல்லாம் அவன் மேல் கொட்டினேன். “ருசி பாக்காமச் சமைச்சா இந்த லட்சணம்தான். சாகப்போறவளுக்கு ஒரு சூப் ஒழுங்கா வைக்கத் தெரியல” என்றேன். அவன், நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, டம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு போனான்.

பன்னிரண்டாவது வாரம் ஸ்கேன் எட்டு என்றது. அடுத்த வாரமே அறுவை சிகிச்சை. 

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நான் திரும்பவும் மிஷினில் உட்கார்ந்து தைக்கிறேன். பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, சண்டை போடத் தெம்பிருக்கிறது; வேறென்ன வேண்டும்? தம்பி மூன்று மாதம் ஓய்வெடுத்துவிட்டுக் கேன்டீனுக்குத் திரும்பினான். ஏப்ரன் பையில் ஒரு சின்ன ஸ்பூன் வைத்திருக்கிறான். எண்ணெயை ஒதுக்கி, அடியிலிருந்து எடுத்து, பாத்திரத்துக்கு ஒரு தடவைதான். மருந்துக்கடைக்காரரே என்று நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான்.

போன வாரம் அளவு எழுத ஒரு தாள் தேடியபோது, மாடியில் அவனுடைய பழைய நோட்டு அகப்பட்டது. கேன்டீனில் நான் கோடு போட்ட நாளுக்குப் பிறகு, ‘ருசி’ என்று புதிதாக ஒரு கட்டம் வரைந்திருக்கிறான். நாள்தோறும் அதில் பூஜ்யம். ஏழு வாரமும் பூஜ்யம், ஒரே ஒரு நாள் தவிர. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக ‘ஒன்று. அக்கா சூப்’ என்று எழுதியிருந்தது.

நோட்டோடு கீழே வந்தேன். அவன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தான்.

“ருசி பாத்துத்தான் வச்சியா அன்னிக்கு? ஏன்டா சொல்லல? அந்தத் திட்டு திட்டினேனே.”

“வயிறு வீங்கினதால உனக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் என்கிட்ட கண்டிப்பாச் சொல்லியிருந்தாரு. என் கை நானூறு பேருக்குப் போட்டுப் பழகின கை. தன்னால போட்டிருக்குமோன்னு பயம். மாமாவக் கேக்கலாம்னா, அவரு உப்பு டப்பாவோட குடும்பம் நடத்தறவரு. அதான் ஒரு ஸ்பூன் பாத்தேன்.” பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். “அப்பவும் மனசு கேக்கல. நீ திட்டின பிறகுதான் சரியா வந்திருக்குன்னு நிம்மதியாச்சு.”

வலது விலாவுக்குக் கீழே இருக்கும் தழும்பைச் சேலைக்கு மேலாகவே தடவிப் பார்த்தேன். அந்த ஒரு ஸ்பூன் போய்ச் சேர்ந்த கல்லீரலில் பாதி இப்போது அங்கேதான் இருக்கிறது. உப்பில்லாத அந்த சூப்பை நான் இரண்டு தடவை குடித்திருக்கிறேன்.