துணியில் பிழிந்த சோறு

என் மகளுக்குப் பதினாறு மாதம் ஆகியும் நான் சோற்றைத் துணியில் பிழிந்துதான் கொடுத்தேன். ஏழு பல் முளைத்திருந்தது. அந்தப் பல்லுக்கு நான் ஒரு வேலையும் வைக்கவில்லை. சோற்றைக் குழைய வேகவைத்து, மத்தால் மசித்து, பழைய வேட்டித் துணியில் போட்டு முறுக்கினால் கஞ்சி மாதிரி இறங்கும். துணியில் நிற்கிற திப்பியை நான் தின்றுவிடுவேன். ஒரு பருக்கை தப்பி வாய்க்குள் போனால் போதும், பிள்ளை ஓங்கரித்து அத்தனையையும் கக்கிவிடும்.

காரணம் என் மூத்தவன். பத்து மாதத்தில் போனான். பல் ஊறுகிறதே, கடிக்கட்டும் என்று ஒரு துண்டு தேன்குழலைக் கையில் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன், வேறு யாரும் இல்லை. பொங்கிய பாலை இறக்கிவிட்டுத் திரும்பினால் பிள்ளை வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை இல்லை, இருமல் இல்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினோம். காரைக்குடிக்குக் கொண்டுபோகக் கார் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதே அடுப்படியில்தான் மகளுக்கும் ஊட்டினேன். இவள் வாயைத் திறந்தால் எனக்கு அவன் வாய்தான் தெரியும். தூணுக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்து, தனக்கும் ஊட்டுவேன் என்று காத்திருப்பது போலவே இருக்கும். நான் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்து, அங்கே அவன் இல்லாவிட்டால் அதை யார் தாங்குவது?

ஆஸ்பத்திரி நர்ஸம்மா பிள்ளையைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னமுங் கூழாத்தான் குடுக்குறீகளா? பருப்புஞ் சோறும் ஒண்ணும் பாதியுமா மசிச்சுக் குடுங்க. இப்பப் பழக்காட்டிப் பெறகு மெல்லவே மெல்லாது. ஒடம்புல பெலமில்லாட்டி எப்ப நடக்கறது, எப்பப் பேசறது?" சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கே துணியை இரண்டாக மடித்துப் பிழிந்தேன். என்னைப் போல ஒரு கிறுக்கச்சி உண்டா?

இது வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். எங்கள் வழக்கம் அப்படி. கல்யாணமான கையோடு மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். வீடு ஒன்று, அடுப்பு தனித்தனி. வலையபட்டியில் எங்கள் வீட்டில் அப்போது நான்கு அடுப்பு எரிந்தது. என் அடுப்புக்கு அடுத்தது கொழுந்தன் பெண்டாட்டியுடையது. எனக்கு இளையவள், எங்கள் வழக்கப்படி என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள். நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். ஆனாலும் அடுத்தவள் சட்டிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. அடுத்தவள் பிள்ளைக்குச் சொல்லாமல் சோறு போட்டால், உன் பிள்ளையைப் பட்டினி போடுகிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

ஒரு நாள் முற்பகலில் துணி உலர்த்திவிட்டு வந்தால் பிள்ளையைக் காணோம். சுவருக்கு அந்தப் பக்கம், கொழுந்தன் பெண்டாட்டி மடியில் இருந்தாள். தட்டில் பருப்புச் சோறு. மத்தால் மசித்ததுகூட இல்லை, விரலால் நசுக்கியது. பருக்கை பருக்கையாகத் தெரிந்தது. என் மகள் மென்றுகொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "ஒரு மாசம் இருக்கும் ஆச்சி. நீங்க குளிக்கப் போனப்ப செவத்தச் சுத்தித் தவந்து வந்து தட்டுல கைய வச்சுச்சு. சொன்னா வைவீகன்னு சொல்லல."

"எங்கிட்ட ஒரு பருக்கை எறங்காதே. கக்கிருமே."

அவள் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். "தப்பா நெனைக்காதீக. நீங்க ஊட்டறப்ப இங்குட்டு இருந்து பாத்துருக்கேன். வாயில வச்சதும் பிள்ள ஒங்க மொகத்தத்தான் பாக்குது. அது எழவு வீட்டு மொகமாட்டம் இருக்கு ஆச்சி. அதுக்குப் பயந்துதான் கக்குது."

ஓங்கி ஒரு அறை வைக்கலாமா என்று வந்தது. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் வைத்திருப்பேன். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தேன். மூத்தவன் கடைசியாகப் பார்த்ததும் இந்த முகத்தைத்தானே என்று நினைத்தேன். வெகுநேரம் அழுதேன்.

மத்தியானம் பருப்புச் சோற்றை விரலால் நசுக்கினேன். முகத்தை மாற்ற எனக்குத் தெரியவில்லை, மறைக்கத்தான் முடிந்தது. பிள்ளையை முற்றத்தைப் பார்க்கத் திருப்பி மடியில் வைத்து, பின்னாலிருந்து கையை நீட்டி ஊட்டினேன். முதல் வாய் போனது. கக்கவில்லை. என்ன செய்கிறாள் என்று தெரியாமல் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இரண்டாவது வாயை வைத்துவிட்டு, மூச்சு ஓடுகிறதா என்று முதுகில் காதை வைத்தேன். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. வாய் நிறையச் சோற்றோடு சிரித்தாள்.

"சிரிக்காதடி, முழுங்கு" என்றேன்.

அவள் இன்னும் சத்தமாகச் சிரித்தாள்.