பதினொரு வருசத் தக்காளி

ரதிதேவி கலியாணம் முடித்து ஓக்லாந்துக்கு வந்த மறுவாரமே, அங்கே பாபகூரா என்ற ஊருக்கு வெளியே இருந்த, தக்காளி வளர்க்கும் கண்ணாடிக்கூடத்தில் இறக்கப்பட்டாள். கூடம் அவள் கணவன் மகேசனுடையது. இலை கழிக்கும் வளைந்த கத்தியோடு விடிய ஆறு மணிக்கு உள்ளே போனால் பொழுதுபடத்தான் வெளியே வருவாள். கோயிலில் யாராவது விசாரித்தால், "அவ வீட்டிலை சும்மாதான் இருக்கிறா" என்பான் மகேசன். அப்படிச் சும்மா இருந்தவளின் விரலிடுக்கில் ஏறிய பச்சைக் கறை பதினொரு வருசமாக எந்தச் சவர்க்காரத்துக்கும் போகவில்லை.

பெட்டி நசுங்கினால் கன்னத்தில் அறை. செடி வாடினால் வயிற்றில் உதை. ஒருமுறை இரும்புக் குழாயால் அடித்ததில் அவளுடைய இடது கை முறிந்தது. ஏணியால் விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். மகேசனின் கைக்குப் பழமொழியில் முதல் பாதிதான் பாடம்.

இரண்டாயிரத்து இருபதில் கொரோனா வந்து, அவனிடம் பழம் வாங்கிய ஹோட்டல்களைப் பூட்டினார்கள். பழம் பெட்டி பெட்டியாக அழுகியது. வருமானம் விழுந்த தோட்டக்காரர்களுக்கு, ஆட்களை நிறுத்தாமல் வைத்திருக்கச் சம்பளக் காசை அரசாங்கமே கொடுக்கிறது என்று தெரிந்தபோது, மகேசன் வேலைக்கு இருந்த இரண்டு பேரையும் ஏற்கெனவே துரத்தியிருந்தான். பிறகுதான் வீட்டில் ஒரு வேலையாள் இருப்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"இஞ்சேர், இதிலை கையெழுத்துப் போடு."

"என்னத்துக்கு?"

"நீ என்ரை வேலையாள் எண்டு எழுதியிருக்கிறன். போடடி!"

போட்டாள். 'வேலையாள்: ரதிதேவி. முதலாளி: மகேசன்.' அந்த வரியை அவள் மூன்று தரம் வாசித்தாள். வெட்கங்கெட்ட மனுசன், காசென்றதும் உண்மையை எழுதிவிட்டான் என்று நினைத்தாள். காசு வந்தது. அவள் கைக்கு ஒரு சதமும் வரவில்லை.

ஆவணியில் ஒருநாள் காலை, சரிபார்க்க, காசு கொடுத்த அரசாங்க அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். பழம் அடுக்கும் மேசையில் போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, மகேசன் அவளுடைய தலைமயிரைப் பின்னாலிருந்து முறுக்கிப் பிடித்தான். "சம்பளம் ஒழுங்கா வருது எண்டு சொல்லு. மாறிக் கதைச்சியோ, கொன்றுபோடுவன்" என்று காதுக்குள் சொன்னான்.

அதிகாரியின் ஆங்கிலத்தைத் தமிழாக்க ஒரு தமிழ்நாட்டுப் பெண் இணைப்பில் இருந்தாள். "வணக்கம்மா. நீங்க அங்க வேலை பாக்குறீங்களா?"

"ஓம். பதினொரு வருசமா."

"சம்பளம் ஒழுங்கா குடுக்குறாங்களா?"

இதுக்கும் 'ஓம்' என்றால் இன்னும் பதினொரு வருசம் பொய் சொல்ல வேண்டும். ரதிதேவியால் அது முடியாது.

"ஒரு சதமும் தரேல்லை."

அவன் அவளுடைய முகத்தை மேசையோடு மோதினான். மூக்கு உடைந்து பழங்களின் மேல் ரத்தம் சிந்தியது. மறுபடியும் மோதினான்.

"அம்மா! அங்க என்ன சத்தம்?"

"சம்பளம் தாறார், தங்கச்சி."

மகேசன் அவளை விட்டுவிட்டுப் போனைப் பறிக்கக் கையை நீட்டினான். இலை கழிக்கும் கத்தி அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. ஓங்கி இறக்கினாள். அவனுடைய புறங்கையைத் துளைத்து மேசைப் பலகையில் இறங்கியது. அவன் போட்ட கூச்சலில் கண்ணாடி அதிர்ந்தது.

"ஐயோ, யாரும்மா கத்துறது?"

"முதலாளி," என்றாள் ரதிதேவி. "பொலிசுக்கும் அம்புலன்சுக்கும் சொல்லுங்கோ."

வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, விலாசத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.