வைகுண்டராஜின் வலது கண்

ஏலக்காய் பறிக்க எங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிற ஜீப்புக்கு டிரைவர் வைகுண்டராஜ். கம்பம் ஊரைத் தாண்டி மலை ஏறினால் வலது கண்ணை மூடிக்கொண்டேதான் ஓட்டுவான். முன்னால் இருக்கிற கண்ணாடி வழியாகத் தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறான் என்று எங்களில் மூத்த முருகம்மாளுக்கு ரொம்ப நாள் கோபம். அவளோ பேரன் பேத்தி எடுத்தவள்.

பாவம், அவனுக்கு இடது கண் நன்றாகத் தெரியும். வலது கண்ணில் தூரத்துச் சாமான் எல்லாம் கஞ்சிக்குள் கிடக்கிற மாதிரி தெரியுமாம். ஜீப் முதலாளி ஒருநாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "கண்ணைச் சரி பண்ணு. இல்லைன்னா சாவியைக் குடு."

கண்ணாடி போட்டு வந்தான். வலது பக்கம் சோடாபுட்டி, இடது பக்கம் ஜன்னல் கண்ணாடி மாதிரி. சமதரையில் படி ஏறுகிறவன் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான்.

"ஒரு பக்கம் பவரே இல்ல. கடைக்காரன் உன்னை ஏமாத்திட்டான்லே!" என்றாள் முருகம்மாள். நாங்களும் ஆளுக்கொரு தரம் மாட்டிப் பார்த்தோம். எல்லாருக்கும் தலை சுற்றியது. வேறென்ன சாட்சி வேணும்? கூட்டமாகக் கடைக்குப் போய்ச் சண்டைக்கு நின்றோம்.

"ஆத்தா, அவரு கண்ணாடிய நீங்க போட்டா சுத்தாம என்ன செய்யும்?" என்றார் கடைக்காரர். "கண்ணாடி போட்டா, அவருக்கு ஒரு கண்ணுல உருவம் சிறுசா விழுது, இன்னொண்ணுல பெருசா விழுது. ரெண்டும் ஒட்டமாட்டேங்குது. கண்ணு மேலயே ஒட்டி வைக்கிற லென்ஸ் போட்டா சரியாப் போகும். மதுரைக்குப் போகச் சொல்லுங்க."

போனான். வலது கண்ணுக்கு மட்டும் மீன் செதில் மாதிரி ஒரு லென்ஸ் வைத்து அனுப்பினார்கள். மறுநாள் ரெண்டு கண்ணையும் திறந்துகொண்டு மலை ஏறினான். பாதி வழியில், ஒரு வளைவில் ஜீப் நின்றுவிட்டது.

"ஏலே, என்னாச்சு?"

"அக்கா, இங்கன இம்புட்டுப் பள்ளமாவா இருக்கு?"

"மலை உண்டானதுலருந்து இருக்கு!"

"எனக்குச் சுவத்துல ஒட்டுன படம் மாதிரிலக்கா தெரிஞ்சுச்சு." சாவியை உருவிக் கையில் எடுத்தான். "சாவியைக் குடுத்துர்றேன். என்னால ஆகாது."

"படம்னு நெனச்சா எங்கள இத்தன நாளு ஏத்திட்டுப் போன?" தூக்குவாளி மூடியாலேயே முதுகில் ஒன்று வைத்தாள் முருகம்மாள். நான், முருகா, கண்ணைக் கொடுத்த நீயே கொஞ்சம் தைரியத்தையும் கொடுப்பா என்று வேண்டிக்கொண்டேன்.

மெதுவாக எடுத்தான். ஆடு பத்திக்கொண்டு போனவர்கூட எங்களை முந்திப் போனார். நேரங்கழித்து வந்ததற்குத் தோட்டத்துக் கங்காணி ஏசித் தீர்த்தார். சாயங்காலம் ஜீப் முதலாளியே வந்து கேட்டார்: "டிரைவரை மாத்திரவா?"

முருகம்மாள் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"வேணாம்யா. இப்பத்தான் பள்ளத்தைப் பார்த்துப் பயப்படுற டிரைவரு எங்களுக்குக் கெடச்சிருக்கான்."